யாருடைய நாலு மணி

கரையை விட்டு நாலைந்து கிலோமீட்டர் போனதும்
சவ்வாத்தியின் கைபேசி கட்சி மாறிவிடும்.
எதிர்க்கரைக் கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டு
ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.
எனக்கு ஏழு, அவனுக்கு எட்டு.
பெய்ப்சி ஏரி உறைந்த நாளிலிருந்து
மார்ச்சில் இளகும் வரை
இப்படித்தான் எங்கள் குடித்தனம்.

அவன் வண்டியை நீங்கள் பார்க்க வேண்டும்.
டிராக்டர் டயரின் உள்குழாய் நான்கு,
செத்த மோட்டார்சைக்கிளின் இன்ஜின்,
எங்கள் சமையலறை நாற்காலி ஒன்று.
மீதி மூன்றில் விருந்தாளிகள் உட்கார
நான் அடுப்போரம் நின்றுகொள்வேன்.
பனி உடைந்தாலும் மிதக்கும் என்பான்.
மிதந்து யாரும் பார்த்ததில்லை.
பார்க்கவும் வேண்டாம்.

வெளிச்சம் வர ஒன்பதாகும்.
அதற்குள் ஒரு அடுக்கு பிர்ச் விறகு சாம்பலாகிவிடும்.
உத்தரத்தில் வெங்காயச் சரங்கள்.
கோடையில் மண்டியிட்டு வளர்த்தவை
ராத்திரி முழுக்கச் சரசரக்கும்,
யாரோ பழைய ரசீதுகளைப் புரட்டுவதுபோல.

செவ்வாய்க்கிழமை நடமாடும் கடை வரும்.
ரொட்டி, சிக்கரித் தூள், டார்ச் பேட்டரி.
வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் எவ்தோக்கியா
திரும்பிக் கேட்பாள்:
"உன் ஆள் இன்றைக்கு எந்தப் பக்கம்?"
"நம்ம பக்கம்தான். மணி மட்டும் அந்தப் பக்கம்."
வரிசை சிரிக்கும்.
எல்லைக்காவல் ஐவார் மட்டும்
நாங்கள் ருஷ்ய மொழியில் சிரிப்பதை
எஸ்தோனிய மொழியில் கேட்டுக்கொண்டு நிற்பார்.

மீனுக்கு எல்லை தெரியாது என்று
தார்த்துவிலிருந்து படம் பிடிக்க வந்த ஒருவர்
கண் கலங்கச் சொன்னார்.
தெரியும் போலத்தான் இருக்கிறது.
நல்ல மீனெல்லாம் அந்தப் பக்கம்.

அது ஒரு வியாழன்.
மதியம் காற்று மேற்குக்குத் திரும்பியது.
மேற்குக் காற்று பனியைக் கரையிலிருந்து பெயர்க்கும்,
காய்ந்த புண்ணின் பொருக்கை நகத்தால் பெயர்ப்பதுபோல.
அழைத்தான். பாதிதான் கேட்டது.
"பிளவு... சுற்றி வருகிறேன்... நாலு மணிக்குள்..."

யாருடைய நாலு?

அவனுடையது என்றால் என் மூன்று.
மூன்றுக்கு ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
ஏரி இருந்த இடத்தில் சாம்பல் நிறம் இருந்தது.
சரி, என்னுடைய நாலாக இருக்கட்டும் என்று
ஒரு மணி நேரம் கடன் கொடுத்தேன்.
உருளைக்கிழங்கு தோலுரித்தேன்.
நிமிர்ந்தபோது எட்டுப் பேருக்கு உரித்திருந்தேன்.

நாலும் ஆனது. இருட்டும் வந்தது.
அதற்கு மேல் கொடுக்க என்னிடம் மணி இல்லை.

கரையில் ஐவார்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
ஜீப்பை ஏரியைப் பார்க்கத் திருப்பி
விளக்குகளைப் போட்டார்.
நிக்கிஃபோர் தன் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான்.
அதில் ஒரு கண்தான் எரியும்.
எவ்தோக்கியா இரவு உடைக்கு மேல்
புருஷனின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.
என் கையைப் பிடிக்கவில்லை,
வெங்காய விலையைப் பற்றிப் பேசினாள்.
அவளுக்கு நான் பட்ட கடன் அது.

பிறகு வெளிச்சத்தின் கடைசியில்
தலையில் நாலு கால் முளைத்த ஓர் உருவம்.
வண்டி பிளவுக்கு அப்பால் நின்றுவிட்டது.
சறுக்குப் பலகையைக் குறுக்கே போட்டு
ஊர்ந்து தாண்டியிருக்கிறான்.
வலை போச்சு, துளைப்பான் போச்சு,
பதினோரு கெண்டையும் போச்சு.
நாற்காலியை மட்டும் கழற்றி எடுத்து வந்திருக்கிறான்.

"ஏன்டா இது?" என்றான் நிக்கிஃபோர்.
அவனுக்கே தெரியவில்லை.
கைபேசியைப் பார்த்தான். கரையின் நேரம் திரும்பியிருந்தது.
"ஐந்துகூட ஆகவில்லையே" என்றான்,
சீக்கிரம் வந்துவிட்டவன் மாதிரி.

அவனை அடித்தேனா அணைத்தேனா என்று
இரண்டு மொழியிலும் சாட்சி உண்டு.

ஐவார் முதல்முறையாக வீட்டுக்குள் வந்தார்.
உருளைக்கிழங்கு போதுமானதாக இருந்தது.
உலர்ந்த நாற்காலி மூன்றிலும் ஆண்கள்.
நான்காவதை அடுப்பருகே இழுத்துப் போட்டு
சொட்டச் சொட்ட
அதில் நான் உட்கார்ந்தேன்.